பழைய பாணி ஹம்பக்கர் பிக்கப் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“பழைய பாணி” என்கிறார்களே, எந்தப் பழமை?

பிக்கப் என்பது மின் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம். இரண்டு காயில்களால் (கம்பிச் சுருள்களால்) ஹம் என்ற இரைச்சலை அடக்கும் வகைதான் ஹம்பக்கர். 1950களின் பிற்பகுதியில் கிப்சன் கிட்டார் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தின் கலமாசூ ஊரில் தயாரித்த ஹம்பக்கர்தான் அளவுகோல். வடிவமைத்தவர் சேத் லவர். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959இல் அது கிடைத்தது. 1957 முதல் லெஸ் பால் கிட்டார்களில் இந்தப் பிக்கப் வந்தது. காப்புரிமை கோரப்பட்டுள்ளது என்பதைச் சொல்லும் “பேட்டன்ட் அப்ளைட் ஃபார்” என்ற சின்னக் கறுப்பு ஸ்டிக்கர் அடித்தகட்டில் ஒட்டியிருந்ததால் பி.ஏ.எஃப். என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1962 வாக்கில் ஸ்டிக்கர் மாறியபோது அதில் அச்சான எண் 2,737,842. வேடிக்கை என்னவென்றால் அது இந்தப் பிக்கப்பின் காப்புரிமை எண்ணே அல்ல. அந்தக் கிட்டாருக்குப் பெயர் தந்த இசைக்கலைஞர் லெஸ் பால், தந்திகளைத் தாங்கிப் பிடிக்கும் பிரிட்ஜ்-டெயில்பீஸுக்கு வாங்கியிருந்த காப்புரிமையின் எண்.

உள்ளே இருப்பது எளிமையானது. 42 கேஜ் எனாமல் செம்புக் கம்பியில் சுமார் 5,000 சுற்று கொண்ட இரண்டு காயில்கள், அவற்றின் அடியில் ஆல்னிகோ என்ற உலோகக் கலவையில் ஒரு காந்தப் பட்டை, நிக்கல் சில்வர் உலோகத்தில் அடித்தகடும் மூடியும், வெளியே வருவதற்கு உலோகப் பின்னல் சுற்றிய ஒற்றைக் கம்பி. கம்பிச் சுற்றுகள் அதிராமலிருக்க மெழுகில் முக்கும் வழக்கம் அப்போது இல்லை. மின்தடை பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓம் வரை. இந்தக் கட்டுமானத்தை ஒட்டிச் செய்யப்படும் எதையும் இன்று “பழைய பாணி” என்று விற்கிறார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் கிலோ ஓம் எண்ணை வைத்தே தேர்ந்தெடுக்கலாமா?

கூடாது. பிக்கப் வாங்குகிறவர்களை அதிகம் திசைதிருப்பும் எண் அதுதான். கிலோ ஓம் என்பது காயில் கம்பியின் மின்தடை மட்டும். எவ்வளவு சத்தம் வரும், என்ன தொனி வரும் என்று அது நேரடியாகச் சொல்வதில்லை. 42 கேஜுக்குப் பதிலாக அதைவிட மெல்லிய 43 கேஜ் கம்பியில் அதே எண்ணிக்கைச் சுற்று சுற்றினால் மின்தடை கால்வாசிக்கு மேல் ஏறிவிடும், வெளியீடு ஏறாது. செம்பின் மின்தடை வெப்பத்தோடும் மாறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். 20 டிகிரியில் 8.0 காட்டும் பிக்கப் 30 டிகிரியில் 8.3 காட்டும். 8.1ஐ விட்டுவிட்டு 8.3ஐத் தேடி அலைவதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று இதிலிருந்தே தெரியும்.

ஒரே தயாரிப்பாளர், ஒரே கம்பி, ஒரே காந்தம் என்றால் மட்டும் இரண்டு மாதிரிகளை ஒப்பிட அந்த எண் உதவும். 7.4 கொஞ்சம் தெளிவாகவும் திறந்தும் ஒலிக்கும், 8.5 நடுப்பகுதி தடித்து ஒலிக்கும். தயாரிப்பாளர் இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல்) மதிப்பைக் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். பழைய பாணி ஹம்பக்கருக்கு அது 4 முதல் 5 ஹென்றி வரை இருக்கும். 7, 8 ஹென்றி என்றால் பெயர் என்னவாக இருந்தாலும் அது பழைய பாணி இல்லை.

அப்படியானால் ஒலியை எது தீர்மானிக்கிறது?

காயிலின் இண்டக்டன்ஸும், கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மையும்) சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒரு மேட்டை உண்டாக்குகின்றன. அதற்கு மேலே ஒலி சரசரவென்று இறங்கிவிடும். அந்த மேடு எங்கே நிற்கிறது, எவ்வளவு கூர்மையாக நிற்கிறது என்பதைத்தான் நாம் “பிரகாசம்”, “மந்தம்”, “மூக்கொலி” என்றெல்லாம் சொல்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிக்கப் 4.4 ஹென்றி, அதன் உள் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 100 பிகோஃபாரட், கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் கேபிளில் மேடு ஏறக்குறைய 3.8 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 6 மீட்டர் கேபிளில் 2.9க்கு இறங்கிவிடும். இரண்டு பிராண்டுகளின் பழைய பாணிப் பிக்கப்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட இது பெரியது. பஃபர் (சிக்னல் கேபிளில் மழுங்காமல் காக்கும் சுற்று) உள்ள பெடல் ஏதாவது பயன்படுத்தினால், கிட்டாரிலிருந்து அந்தப் பெடல் வரைக்குமான கேபிள்தான் கணக்கில் வரும்.

மேட்டின் கூர்மையைத் தீர்மானிப்பவை வால்யூம் பாட், டோன் பாட் (குமிழ்களுக்கு அடியில் உள்ள மாறு மின்தடைகள்), மூடியின் உலோகம். காந்தம் தாக்கத்தின் வேகத்தையும் (தந்தியைத் தட்டியதும் ஒலி எழும் விதத்தையும்) தந்தியை இழுக்கும் விசையையும் மாற்றும்.

இருக்கிற பிக்கப்பை மாற்றுவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

உயரம். அடுத்து பாட்களின் உண்மையான மதிப்பு. அதற்கடுத்து கேபிள். இந்த மூன்றையும் தொடாமல் பிக்கப் மாற்றுகிறவர்களில் பலர், புது பிக்கப்பையும் அதே பழைய குறையோடுதான் கேட்கிறார்கள்.

உயரத்துக்குத் தொடக்கப் புள்ளி இது: கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, போல் ஸ்க்ரூவின் (ஒவ்வொரு தந்திக்கும் நேர் கீழே பிக்கப்பில் தெரியும் ஸ்க்ரூவின்) தலையிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை அளக்க வேண்டும். பிரிட்ஜ் (தந்திகள் கிட்டார் உடலில் ஊன்றும் பாகம்) அருகே இருக்கும் பிரிட்ஜ் பிக்கப் 1.6 மி.மீ., கிட்டாரின் கழுத்தருகே இருக்கும் நெக் பிக்கப் 2.4 மி.மீ. பழைய பாணிப் பிக்கப்களைப் பலரும் இதைவிடத் தாழ்த்தி வைக்க விரும்புகிறார்கள். நெக் 3 மி.மீ. வரை இறங்கினாலும் கெட்டுப்போகாது. ஒவ்வொரு முறையும் உயரம் சரிசெய்யும் ஸ்க்ரூவைக் கால் சுற்று மட்டும் திருப்பி வாசித்துப் பாருங்கள். முதலில் முழுப் பிக்கப்பையும் இறக்கிவிட்டு, பிறகு தனித்தனிப் போல் ஸ்க்ரூக்களை அரை மில்லிமீட்டர் உயர்த்தினால் தடித்த பேஸ் குறைந்து தந்திகள் பிரிந்து கேட்கும். ஸ்க்ரூ உள்ள காயில் தந்தியை நெருங்கும்போது அந்தக் காயிலின் பங்கு கூடுவதால் வரும் மாற்றம் இது. நெக் பிக்கப் குழம்பிக் கொழகொழவென்று இருந்தால் இதைச் செய்து பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

ஆல்னிகோ 2, 3, 4, 5: எதை எடுப்பது?

பழைய பி.ஏ.எஃப்.களிலேயே ஒரே வகைக் காந்தம் இல்லை. 2, 3, 4, 5 என்று எல்லா ரகமும் காணப்படுகின்றன. 1961 வாக்கில் காந்தத்தின் நீளம் குறைந்தது, ஆல்னிகோ 5 நிலையான தேர்வாகிக்கொண்டு வந்தது. ஆகவே “அசல் பி.ஏ.எஃப். காந்தம்” என்று ஒன்றே ஒன்றைக் காட்டி விற்கிறவரை நம்ப வேண்டியதில்லை.

வாசிக்கும்போது தெரிவது இப்படி. ஆல்னிகோ 2இல் பேஸ் இளகும், தாக்கம் மெத்தென்று இருக்கும், மேல் பகுதி இனிமையாக உருளும். வெளிச்சமான கிட்டாரின் பிரிட்ஜில் பொருந்தும். ஏற்கெனவே மந்தமான கிட்டாரின் நெக்கில் போட்டால் சேறாகும். ஆல்னிகோ 3 இவற்றில் வலு குறைந்தது, கோபால்ட் கலக்காதது. தந்தியை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். நெக்கில் மணி போன்ற தெளிவு கிடைக்கும். ஆல்னிகோ 4 எதையும் தூக்கிக் காட்டாமல் சமமாக இருக்கும். என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல முடியாதவர்களுக்கு 4தான் பத்திரமான தேர்வு. ஆல்னிகோ 5இல் பேஸ் இறுகும், ட்ரெபிள் வெட்டும், வெளியீடு சற்றுக் கூடும். கெயின் (ஆம்ப் சிக்னலைப் பெருக்கி முறுக்கும் அளவு) ஏற்றி வாசிப்பவருக்கும், மற்ற இசைக்கருவிகளுக்கு நடுவே மேலே தெரிய வேண்டியவருக்கும் 5.

பிக்கப் பிடிக்கவில்லை என்றால் முழுவதையும் மாற்றாமல் காந்தத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பெரும் செலவில்லாத சோதனை அது.

காந்தத்தை மாற்றுவது எப்படி?

பிக்கப்பைக் கழற்றி, மூடி இருந்தால் அடித்தகட்டின் இரு ஓரங்களிலும் உள்ள சோல்டரை உருக்கி எடுத்து மூடியைக் கழற்றுங்கள். மெழுகில் முக்கிய பிக்கப் என்றால் மூடி ஒட்டிக்கொண்டிருக்கும். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கினால் விடும். ஆத்திரப்பட்டு நெம்பினால் பாபின் (காயில் சுற்றிய பிளாஸ்டிக் சட்டம்) ஓரத்தில் முடியை விட மெல்லிய கம்பி அறுந்துவிடும், அதோடு அந்தக் காயில் போயிற்று.

அடித்தகட்டின் கீழே பாபின்களைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூக்களைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். இப்போது பழைய காந்தம் பக்கவாட்டில் நகரும். வெளியே எடுக்கும் முன் அதன் எந்த நீள விளிம்பு போல் ஸ்க்ரூக்களின் பக்கம் இருந்தது என்று பென்சிலால் குறியிடுங்கள். இந்தக் காந்தங்களில் வட, தென் முனைகள் பட்டையின் இரு நுனிகளில் இல்லை, இரு நீள விளிம்புகளில் இருக்கின்றன. புதிய காந்தத்தைப் பழையதன் குறியிட்ட விளிம்பருகே கொண்டுபோங்கள். அந்த விளிம்பைத் தள்ளிவிடும் பக்கம்தான் அதே முனை. அந்தப் பக்கம் ஸ்க்ரூக்களை நோக்கி இருக்குமாறு செருகுங்கள். திசைகாட்டி இருந்தால் அதை வைத்தே பார்த்துவிடலாம்.

ஆல்னிகோ எளிதில் உடையும். சுத்தியலோ இடுக்கியோ வேண்டாம். மரக்குச்சியால் தள்ளினாலே போதும். ஸ்க்ரூக்களை மறுபடி இறுக்கும்போது பாபின் பிளாஸ்டிக் விரிசல் விடாத அளவோடு நிறுத்துங்கள்.

மூடியோடு வாங்கலாமா, மூடியில்லாமல் வாங்கலாமா?

மூடி நல்ல நிக்கல் சில்வரில் இருந்தால் ஒலியில் வேறுபாடு மிகக் குறைவு, காதைத் தீட்டிக் கேட்டால் மட்டும் மேல் முனை சற்று மழுங்கித் தெரியும். பித்தளை மூடியில்தான் சிக்கல். பித்தளையில் மின்சாரம் எளிதில் ஓடும், அதனால் மூடிக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் உண்டாகி ட்ரெபிளைத் தின்றுவிடும். மலிவான பிக்கப்கள் மந்தமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூடியின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெள்ளை தெரிந்தால் நிக்கல் சில்வர். அடித்தகட்டுக்கும் இதே சோதனைதான்.

மெழுகில் முக்கியது நல்லதா, முக்காதது நல்லதா?

1950களில் முக்கவில்லை. அதனால்தான் பழைய பாணிப் பிக்கப்கள் பலவற்றை இன்றும் முக்காமல் விற்கிறார்கள். முக்காத காயில் தந்தியின் அதிர்வோடு கொஞ்சம் மரத்தின் அதிர்வையும் பிடிக்கும். பிக் உரசுவது, விரல் தட்டுவது எல்லாம் கேட்கும். குறைந்த, நடுத்தரக் கெயினில் அது அழகு. கெயினை ஏற்றி ஆம்ப் பக்கத்தில் நின்றால் அதே குணம் கீச்சிடும்.

வழக்கமான ஃபீட்பேக்கும் இந்தக் கீச்சும் வேறு. தந்திகளை உள்ளங்கையால் முழுதாக அழுத்தி அடக்குங்கள். சத்தம் நின்றால் அது தந்தியின் ஃபீட்பேக். நிற்காமல் கிறீச்சென்று கூடினால் பிக்கப்பே மைக்காக மாறிவிட்டது. காயிலில் தளர்ந்த சுற்றுகள், அதிரும் மூடி, ஆடும் காந்தம், உயரம் சரிசெய்யும் ஸ்பிரிங் என்று நான்கு இடங்களில் காரணம் இருக்கலாம். ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் குழாய் போட்டுப் பார்ப்பது முதல் படி. பல சமயம் அதிலேயே தீர்ந்துவிடும்.

முக்கத்தான் வேண்டும் என்றால் 80 சதவீதம் பாரஃபின், 20 சதவீதம் தேன்மெழுகு. பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது, மெழுகு தீப்பற்றும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை வைத்து, வெப்பமானியோடு 65 டிகிரியில் நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் பாபின் வளையும். பழைய பி.ஏ.எஃப். பாபின்களும் அவற்றைப் போலச் செய்த சில நகல்களும் பியூட்டரேட் என்ற பிளாஸ்டிக்கில் ஆனவை, சூட்டில் முதலில் நெளிவது அவைதான். பதினைந்து நிமிடம் முக்கி, குமிழி வருவது நின்றதும் எடுங்கள். லேசாக முக்கினால் தொனியில் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். “முக்கினால் உயிர் போய்விடும்” என்பது மிகைப்படுத்தல்.

இரண்டு காயில்களிலும் சுற்று சமமாக இல்லாமல் இருப்பது குறையா, சிறப்பா?

பழைய சுற்று இயந்திரங்களில் எண்ணிக்கை துல்லியமாக நிற்காது. ஒரு காயிலில் சில நூறு சுற்று கூடும், மற்றதில் குறையும். ஹம்பக்கரில் ஹம் அடங்குவது இரண்டு காயில்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, எதிர் முனைக் காந்தத்தில் இருப்பதால்தான். வெளியிலிருந்து வரும் ஹம் இரண்டிலும் எதிரெதிராக வந்து கழிந்துவிடும், தந்தியின் ஒலியோ கூடும். சுற்று சமமில்லை என்றால் கழிவு முழுமையாகாது. கொஞ்சம் ஹம் மிஞ்சும், கூடவே மேல் சுரங்களில் சற்றுக் கூர்மை வரும். சிங்கிள் காயில் சாயல் என்று சொல்லி விற்கிறார்கள். சாயல் உண்டு, ஆனால் நெற்றியில் அடித்ததுபோல் இராது. ஹம் அதிகமான அறையில் பதிவு செய்கிறவர்கள் சமமான காயில்களையே எடுக்கலாம்.

இதோடு சேர்த்து இன்னொன்று. “கையால் சிதறச் சுற்றியது, அசல் 1950கள் முறை” என்று விளம்பரத்தில் பார்த்தால் கவனியுங்கள். அசல் பிக்கப்கள் இயந்திரத்தில் சுற்றப்பட்டவை. கையால் சுற்றியது நன்றாக இருக்கலாம், அசல் முறை அல்ல.

என் கிட்டாரில் பொருந்துமா? எதையெல்லாம் அளக்க வேண்டும்?

தந்தி இடைவெளியை முதலில் அளந்துகொள்ளுங்கள். பிக்கப்புக்கு நேர் மேலே ஆறாம் தந்தியின் நடுவிலிருந்து முதல் தந்தியின் நடு வரை. கிப்சன் மரபில் போல் ஸ்க்ரூக்களின் இடைவெளி சுமார் 49 முதல் 50 மி.மீ. அகன்ற பிரிட்ஜ் அல்லது ட்ரெமலோ உள்ள கிட்டார்களில் பிரிட்ஜ் இடத்தில் 52 மி.மீ. வரை போகும், அதற்கென்றே அகன்ற வகை விற்கிறார்கள். 1 மி.மீ. வழுவினால் கண்ணுக்குத்தான் உறுத்தும், காதுக்குத் தெரியாது. 2 மி.மீ.க்கு மேல் வழுவினால் முதல், ஆறாம் தந்திகளின் அளவு குறையலாம். நெக் இடத்துக்கு எப்போதும் 49-50 போதும்.

பக்கக் கால்களின் நீளத்தையும் பாருங்கள். பழைய பாணிப் பிக்கப்களில் நீண்ட கால்கள் வரும். குழி ஆழமில்லாத கிட்டாரில் கால் அடிமட்டத்தில் முட்டி, பிக்கப் இறங்க மறுக்கும். வாங்கும் முன் குழி ஆழத்தைக் குச்சி விட்டு அளந்துவிடுங்கள்.

24 ஃப்ரெட் கிட்டாரில் நெக் பிக்கப் பிரிட்ஜ் பக்கமாகத் தள்ளி அமைந்திருக்கும். 22 ஃப்ரெட் லெஸ் பாலின் உருண்டையான நெக் ஒலி அங்கே எந்தப் பிக்கப்பைப் போட்டாலும் வராது, அது இடத்தின் கணக்கு. தந்தி நீளமும் அப்படியே: 648 மி.மீ. நீளத்தில் தந்தி இறுக்கம் கூடுதல், ஒலி 628 மி.மீ.யைவிட வெட்டாக வரும். அத்தகைய கிட்டாரில் ஆல்னிகோ 2 அல்லது 4 பெரும்பாலும் சமன்செய்யும்.

நெக், பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே பிக்கப்பா?

1950களில் அப்படித்தான், எது கையில் வந்ததோ அது. இன்று ஜோடியாக விற்பவற்றில் நெக் 7.2 முதல் 7.6, பிரிட்ஜ் 8 முதல் 8.5 என்று பிரித்துச் சுற்றுகிறார்கள். பிரிட்ஜ் பக்கம் தந்தி அதிர்வு சிறியது, கூடுதல் சுற்று அதைச் சமன்செய்கிறது. ஜோடியாக எடுப்பது நல்லது, தனித்தனியாக எடுத்தால் நெக்கைவிடப் பிரிட்ஜ் வலுவாக இருக்கட்டும்.

எந்த மாதிரிகளிலிருந்து தொடங்கலாம்?

மூன்று குணங்களுக்கு மூன்று எடுத்துக்காட்டுகள். சீமூர் டங்கனின் “59” மாதிரி ஆல்னிகோ 5: வெட்டான மேல் பகுதி, உள்வாங்கிய நடுப்பகுதி. அதே நிறுவனம் சேத் லவரோடு சேர்ந்து செய்த “சேத் லவர்” மாதிரி ஆல்னிகோ 2, மெழுகில் முக்காதது: மென்மை, விரல் நுணுக்கம் முழுதும் கேட்கும், கெயினில் கீச்சும் வரும். கிப்சனின் “57 கிளாசிக்” ஆல்னிகோ 2, சமமான காயில்கள், மெழுகு உண்டு: தடித்த, அமைதியான ஒலி. கிப்சனின் “பர்ஸ்ட்பக்கர்” வரிசையில் காயில்களைச் சமமில்லாமல் சுற்றியிருப்பார்கள். இவற்றில் எது உங்கள் காதுக்கு நெருக்கம் என்று தெரிந்துவிட்டால், சிறு தயாரிப்பாளர்களிடம் போகும்போது என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு பாபினும் வெண்மஞ்சள் நிறத்தில் வேண்டும் என்று கேட்டு அமெரிக்கத் தயாரிப்புகளில் கிடைக்காமல் போனால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த நிற ஜோடியை அங்கே டிமார்ஜியோ நிறுவனம் தன் வணிகக்குறியாகப் பதிவு செய்திருந்தது. நிறம் ஒலியைத் தொடாது.

ஃபில்ட்டர்ட்ரான், வைடு ரேஞ்ச், மினி ஹம்பக்கர் இவையும் பழைய பாணிதானே?

பழையவைதான், வேறு குலம். கிரெட்ச் நிறுவனத்துக்காக ரே பட்ஸ் செய்த ஃபில்ட்டர்ட்ரான் சுற்று குறைவு, தெளிவு அதிகம். வைடு ரேஞ்ச், ஃபெண்டருக்குப் போன பிறகு சேத் லவரே செய்தது, உருவில் பெரியது. இவை எதுவும் சாதாரண ஹம்பக்கர் குழியில் அப்படியே உட்காராது. சாதாரண ஹம்பக்கர் அளவுக்குள் அடக்கிச் செய்த நகல்கள் கிடைக்கின்றன, ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

பாட், கெப்பாசிட்டர் எல்லாம் மாற்ற வேண்டுமா?

பாட் 500 கிலோ ஓம் இருக்க வேண்டும். ஆனால் 500 என்று அச்சிட்டிருப்பவை 20 சதவீதம் வரை ஏறி இறங்கும். 400 காட்டும் பாட் சகஜம். வாங்கியதும் மல்டிமீட்டரில் இரு ஓரக் கால்களுக்கு இடையே அளந்து, உயர்ந்ததை வால்யூமுக்கும் மற்றதை டோனுக்கும் வையுங்கள். பிரிட்ஜ் பிக்கப் கூச்சலிடுகிறது என்றால் அங்கே 420, 450 இருப்பதே நல்லது. 250 கிலோ ஓம் பாட் ஹம்பக்கரைப் போர்வை போர்த்தியது போலாக்கும். சில பழைய கிட்டார்களில் 300 கிலோ ஓம் பாட் இருக்கும், பிக்கப்பைத் திட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கெப்பாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட். டோன் முழுதும் திறந்திருக்கும்போது அது இருப்பதே தெரியாது. எண்ணெய்க் காகிதக் கெப்பாசிட்டருக்கு அள்ளிக் கொடுப்பது தேவையற்ற செலவு. மதிப்பு ஒன்றாக இருந்தால் ஒலியும் ஒன்றே.

1950கள் வயரிங் மட்டும் கண்டிப்பாகச் செய்து பாருங்கள். டோன் பாட்டுக்குப் போகும் கம்பியை வால்யூம் பாட்டின் உள்வரவுக் காலிலிருந்து எடுத்து நடுக்காலில் இணைப்பதுதான் மாற்றம். வால்யூமைக் குறைக்கும்போது ட்ரெபிள் சாகாது. பதிலுக்கு வால்யூமும் டோனும் ஒன்றையொன்று கொஞ்சம் இழுக்கும்.

பின்னல் கம்பியா, நான்கு கம்பியா?

காயில் பிரிப்பது (ஒரு காயிலை மட்டும் ஒலிக்கவிடுவது), ஃபேஸ் மாற்றுவது (சிக்னலின் திசையைத் திருப்புவது) போன்றவை வேண்டுமானால் நான்கு கம்பி. வேண்டாம் என்றால் பின்னல். பின்னல் கம்பியில் வெளி உறையே தரை இணைப்பு, அடித்தகடும் மூடியும் அதோடு சேர்ந்தவை. அதைத் தலைகீழாக இணைத்தால் மூடியே சிக்னல் முனையாகி, தொட்டால் இரையும்.

நான்கு கம்பியின் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீமூர் டங்கனில் கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்க வேண்டும், பச்சையும் உறையில்லாக் கம்பியும் தரை. டிமார்ஜியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்க வேண்டும், பச்சை தரை. ஒன்றின் படத்தை வைத்து இன்னொன்றை இணைத்தால் ஒலி பாதியாகும் அல்லது காணாமலே போகும்.

நானே சோல்டர் செய்யலாமா?

செய்யலாம். 40 வாட் அயர்ன், 60-40 ரோசின் ஈயம், ஆசிட் ஃப்ளக்ஸ் கூடவே கூடாது. பாட்டின் உலோக முதுகில் சோல்டர் செய்யுமிடத்தை முதலில் உப்புத்தாளால் சுரண்டிவிட்டால் மூன்று நான்கு விநாடியில் பிடிக்கும். சுரண்டாமல் அரை நிமிடம் சூடேற்றினால் பாட்டின் உள்ளே பாதை கருகும். பின்னல் கம்பியைச் சோல்டர் செய்யும்போதும் இதே அவசரம் தேவை. உள்ளே உள்ள துணி உறை வெந்தால் சிக்னல் தரையைத் தொட்டுவிடும்.

மூடும் முன் கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டர் வையுங்கள், வால்யூம் முழுதும் திறந்திருக்கட்டும். 8 கிலோ ஓம் பிக்கப் என்றால் 7.8 அல்லது 7.9 காட்டும், வால்யூம் பாட் இணையாக இருப்பதால் அந்தச் சிறு குறைவு. 4 காட்டினால் ஸ்விட்ச் நடுவில் இருக்கிறது, அல்லது ஒரு காயில் தரையோடு ஒட்டியிருக்கிறது. சுழி என்றால் ஷார்ட். வால்யூம் பாட்டின் மதிப்பு மட்டும், அதாவது 500க்கு அருகில் காட்டினால் பிக்கப் இணைப்பு அறுந்திருக்கிறது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் எல்லாம் சரி. தொட்டால் கூடுகிறது என்றால் ஜாக்கில் சிக்னலும் தரையும் இடம் மாறியிருக்கின்றன. தொட்டாலும் விட்டாலும் எந்த மாற்றமும் இல்லாமல் இரைந்துகொண்டே இருந்தால் பிரிட்ஜுக்குப் போகும் தரைக் கம்பி விட்டுப்போயிருக்கலாம்.

தனித்தனியாக நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் மெலிந்து மூக்கால் பேசுகிறதே?

இரண்டு பிக்கப்களும் ஃபேஸ் முரண்படுகின்றன, அதாவது அவற்றின் சிக்னல்கள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று கழிக்கின்றன. வெவ்வேறு தயாரிப்பாளரிடம் வாங்கியவற்றைச் சேர்க்கும்போதும், காந்தம் மாற்றும்போது திருப்பிப் போட்டுவிட்டாலும் நேரும். பிரிட்டிஷ் புளூஸ் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பாலில் இரண்டு பிக்கப்களும் சேர்ந்து ஒலிக்கும் நடுநிலை ஒலி அப்படி விசித்திரமாக இருந்ததற்கும் நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்ததுதான் காரணம். சிலர் அதற்காகவே திருப்பிப் போடுகிறார்கள்.

கண்டுபிடிக்க முள் வகை மீட்டர் இருந்தால் எளிது. பிக்கப்பின் இரு முனைகளிலும் மீட்டரை இணைத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரின் இரும்புப் பகுதியைப் போல் ஸ்க்ரூக்கள் மீது பட்டென்று வையுங்கள். முள் மேலே துள்ளுகிறதா கீழே துள்ளுகிறதா என்று குறித்துக்கொண்டு, மற்ற பிக்கப்பிலும் அதே மீட்டர் கம்பிகளை அதே வரிசையில் வைத்துச் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே திசையில் துள்ள வேண்டும். எதிரெதிராகத் துள்ளினால், நான்கு கம்பிப் பிக்கப்பில் சிக்னல், தரைக் கம்பிகளை மாற்றிப் போடுங்கள், உறையில்லாக் கம்பி மட்டும் தரையிலேயே இருக்கட்டும். இரண்டுமே பின்னல் கம்பி என்றால் ஏதாவது ஒன்றைத் திறந்து காந்தத்தைத் திருப்பிப் போடுவதுதான் வழி. மூடி இல்லாத பிக்கப்பைத் தேர்ந்தெடுத்தால் சோல்டர் வேலை மிச்சம்.